பெயர் கூப்பிட ஆளில்லை

என் பொய்ப்பல் செட்டின் மேல் ஆணை. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

முதல் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் விழா தொடங்கும் நேரம். துணைத் தலைமையாசிரியர் தொமிதாவிடம் ஒகாபே எகிறினார்.

"முதல் நாளே கிளாஸ் டீச்சர் லீவா? என் பொண்ணு சிஹோ ஒரு மாசமா 'உள்ளேன்'னு சொல்லிப் பழகிட்டிருக்கா. யாரு சார் பேர் கூப்பிடுவாங்க?"

"மன்னிக்கணும். நிஷிவாகி டீச்சரோட பையனுக்கும் இன்னிக்குத்தான் வேற ஸ்கூல்ல விழா..."

"அவங்க பெத்தது மட்டும்தான் பிள்ளையா? மத்ததெல்லாம் பொம்மையா?"

தொமிதா மன்னிப்புக் கேட்டு இன்னொரு முறை குனிந்தார். குனிந்தபடியே, அலறிய போனை எடுத்தார். நிஷிவாகி டீச்சர்தான்.

"சார், இங்கே என் பையனோட வாத்தியாரும் வரலை! தன் பொண்ணோட விழாவுக்குப் போயிட்டாராம். பேரு ஒகாபேவாம்."

தொமிதா நிமிர்ந்தார். "ஒகாபே சார், நீங்க எங்கே வேலை பார்க்கறீங்க?"

ஒகாபேயின் காது சிவந்தது. போனை வாங்கினார்.

"டீச்சர்... என் வகுப்புக்கு நீங்க பேர் கூப்பிடறீங்களா? உங்க வகுப்புக்கு நான் கூப்பிடறேன்."

"ரொம்ப நன்றி சார்! என் பையன் பேரை நானே கூப்பிடற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!"

சிஹோவின் 'உள்ளேன்' கூரையைத் தொட்டது. அங்கே டீச்சரின் மகனும் தொண்டை கிழியக் கத்தினான். பிறகு ஒகாபேயும் டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்து மாறி மாறிக் குனிந்து நன்றி சொன்னார்கள்.

இரண்டு விழாக்களும் ஒரே நேரத்தில் நடந்தன. இரண்டு பள்ளிக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டையும் முன்வரிசையில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன்.