துறைமுகப் படத்துக்கு ஓர் ஆணி

“ஆணி அடிச்சா செவுத்துக்கு வலிக்குமாம்மா? அதான் ஆன்ட்டி அடிக்க வேணாங்குறாங்களா?” என்று ஹஃப்சா ஒருமுறை கேட்டாள்.

உஸ்மா அன்றைக்குச் சிரித்துவிட்டாள். இன்று சுத்தியலோடு நாற்காலிமேல் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கார ரோசியம்மா குடிவந்த அன்றே சொல்லியிருந்தார்: “செவுத்துல ஒரு ஓட்டை உழுந்துச்சின்னாலும் வூட்டக் காலி பண்ணிக்கினு போய்னே இருக்கணும்.”

ராயபுரத்தில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு பாகங்கள். அந்தப் பக்கம் ரோசியம்மா தனியாக. இந்தப் பக்கம் உஸ்மா, கணவன் சுஃபியான், மகள் ஹஃப்சா. கன்டெய்னர் லாரி போனாலே அதிரும் மெல்லிய சுவர்.

சுஃபியான் பழைய சாமான் கடையில் வாங்கிய அந்தக் காலத்து அச்சுப்படங்கள், கறுத்த மரச்சட்டங்களோடு கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்தன. பாய்மரக் கப்பல்கள் நிற்கும் துறைமுகம். கலங்கரை விளக்கம். கால்வாயில் உப்பு ஏற்றிப்போகும் படகு. மாட்டப்போவது தொழுகிற கூடத்தில் என்பதால் முகம் தெரியும் படங்களை அவன் வாங்கவில்லை.

வெள்ளைச் சுவர்கள் ஆஸ்பத்திரி மாதிரி வெறிச்சோடியிருந்தன. அவளால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மகளும் மாத்தூர் போயிருந்தார்கள். ரோசியம்மா பூசைக்குப் போயிருக்கும் நேரம். அதைக் கணக்கு வைத்துத்தான் சுத்தியலை எடுத்தாள்.

முதல் ஆணி இறங்கியது. துறைமுகம் சுவரேறியது. யாரோ வாழ்கிற வீடு போலத் தெரிந்தது.

இரண்டாவது ஆணியை வைத்து ஓர் அடி அடித்தாள்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. டொக். டொக். டொக்.

உஸ்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

பூசைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறார். கேட்டுவிட்டார்.

மறுபடியும் டொக், டொக்.

வீடு தேடி அலைந்தபோது, பெயரைக் கேட்டதும் ‘வூட்டக் குடுத்துட்டமே’ என்று சாத்திய கதவுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பெயரைக்கூடக் கேட்காமல் சாவியை நீட்டியவர் ரோசியம்மா ஒருவர்தான். அந்த ஒருவரின் சொல்லைத்தான் மீறியிருந்தாள்.

படத்தைக் கழற்றிச் சாக்கில் திணித்தாள். ஆணிகளைப் பிடுங்கினாள். ஓட்டைகளில் பற்பசையை அப்பி விரலால் வழித்தாள். அவசரத்தில் பசை சுவரெங்கும் இழுபட்டது.

தட்டல் விடவில்லை. பிறகு இடைவெளி விட்டு வந்தது. பிறகு நின்றுபோனது.

நின்றதுதான் அதிகம் பயமுறுத்தியது. இப்போது எழுந்து வருவார்.

வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை.

காத்திருக்கிற பயத்தைவிடத் திட்டு வாங்குவது மேல் என்று தோன்றியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்முற்றம் வழியாகப் போனாள். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வழியிலேயே கோத்துக்கொண்டாள்.

பின்கதவு திறந்திருந்தது. குளியலறைக் கதவும்.

ரோசியம்மா தரையில் கிடந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. கையில் எவர்சில்வர் சொம்பு. அதன் விளிம்பு நடுச்சுவரோடு ஒட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து எழ முடியாமல் கிடந்ததில் நைட்டி முழுக்க அசிங்கமாகியிருந்தது. அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்களும் வெளிய பூட்டீங்கன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். ஆணி சத்தம் கேட்டுதான் ஒரு ஆளு கீதுன்னு தெரிஞ்சிச்சி.” குரல் இறங்கியது. “தெருவுல யாரையும் இட்டாந்துடாதடி. இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது.”

உஸ்மா போய்ப் பின்கதவைத் தாழிட்டாள்.

வெந்நீர் வைத்தாள். குழந்தையைக் கழுவுவதுபோல் கழுவினாள். பிஸ்மி சொல்லிக்கொண்டு அவள் தூக்க, இயேசுவே என்றபடி அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து கோயிலுக்குக் கட்டும் நீலப் புடவையை எடுத்துக் கட்டிவிட்டாள். தலை வாரினாள். கொஞ்சம் பவுடர் போட்டாள். தரையில் பினாயில் ஊற்றித் தேய்த்தாள்.

அதற்குப் பிறகுதான் தெருக்கதவைத் திறந்து ஆட்டோவுக்குக் குரல் கொடுத்தாள்.

கூட்டம் சேர்ந்தது. எதிர்வீட்டுத் தாயம்மா நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, “காலு ஒடிஞ்சாலும் ரோசிக்கு மேக்கப்பு கொறையாது பாரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரோசியம்மாவும் சிரித்தார். தலை நிமிர்ந்தபடியே ஆட்டோவில் ஏறினார்.

அன்று மாலை மொட்டைமாடிக் கொடியில், சுஃபியானின் கைலிக்கும் ஹஃப்சாவின் பள்ளிச் சீருடைக்கும் நடுவே ஒரு நைட்டி காய்ந்தது. உஸ்மா அதை மடித்து ரோசியம்மாவின் அலமாரியில், மற்றவற்றுக்கு அடியில் வைத்தாள்.