ஊர் சுற்றிய கால அட்டவணை

அக்கம்பக்கத்து ஊர் நூலகங்கள் எல்லாம் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஒரு நூலகம் புத்தகம் கேட்டால் இன்னொன்று இல்லையென்று சொல்லாமல் அனுப்ப வேண்டும். எதை அனுப்ப வேண்டும் என்றுதான் யாரும் பேசவில்லை.

அன்று முதல் ஒரு நூலகத்தில் இருந்த பழைய ரயில் கால அட்டவணைப் புத்தகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதில் இருந்த ரயில்களில் பாதி எப்போதோ நின்றுபோயிருந்தன. ஆனாலும் வேன் வரும்போதெல்லாம் நூலகர் அதைத்தான் பையில் போட்டார். போகிற ஊரெல்லாம் அதன் மேல் ஒரு முத்திரை குத்தியது.

கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்த உடற்கூறியல் புத்தகத்தை ஒருநாள் அது விசாரித்தது. "உன்னை ஒருத்தரும் கேக்கறதில்லையா? பாவம்."

"என்னைத்தான் கேக்கறாங்க," என்றது உடற்கூறியல். "வெளியில விட்டா கிழிஞ்சு வருவேன்னு எனக்குப் பதிலா உன்னை அனுப்பறாங்க."

அட்டவணைக்கு மலையூர்ப் பெண்ணின் நினைவு வந்தது. நர்சிங் படிக்கிறவள். பரீட்சை நேரத்தில் பஸ் பிடித்து அந்த ஊர் நூலகத்துக்கு வந்தவள், அதைக் கையில் வாங்கி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பூரிப்பு என்றுதான் அது இத்தனை நாளும் நினைத்திருந்தது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. நூலகர் வந்து அட்டவணையைத் தூசி தட்டி எடுத்தார்.

"இப்போ யாரு கேட்டிருக்காங்க?" என்று அது மெல்லக் கேட்டது.

"மலையூர் நர்சிங் பொண்ணுதான்," என்றது உடற்கூறியல். "போன தடவை பெயிலாம். திரும்ப எழுதறாளாம்."