ஒற்றைத் தலையணை

“ஓடாத புள்ள, படியெல்லாம் பாசி! வழுக்கிரும்!”

முருகையன் கத்தியது மழைச் சத்தத்தில் அமுங்கிப் போனது. வேம்பு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, புதுப் பெண்ணைப் போல ரஞ்சன்குடிக் கோட்டைப் படிகளில் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கீழே அவர்கள் வண்டி நின்றது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் முருகையன். சண்டை முடிந்து ஏலத்துக்கு வந்த ஒரு பழைய ஆம்புலன்சை எடுத்து, உள்ளே பலகைக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து அதை ஒரு வீடாகவே ஆக்கிவிட்டான். சொந்த ஊர் குரும்பலூரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

“எல்லாம் சரிங்க. தட்டு ஒண்ணு, தம்ளரு ஒண்ணு, தலைகாணியும் ஒண்ணு. ரெண்டு பேரு ஊரு சுத்தக் கெளம்புனா இதுதான் லட்சணமா?” என்று கிளம்பும்போதே வேம்பு பிடித்துக்கொண்டாள்.

“மறந்துட்டேன் புள்ள.”

மறக்கவெல்லாம் இல்லை. அது அவன் ஒருவனுக்காக மட்டும் கட்டிய வீடு.

ஆடி மாதத்தில் திருச்சி டாக்டர் ஒருவர் அவன் கால் விரல்களில் குண்டூசியால் குத்தி, “வலிக்குதா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றான். மறுபடியும் குத்தினார், மறுபடியும் அதே பதில். குஷ்டம், பெருவியாதி என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். முருகையனுக்குத்தான் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

ஊருக்குத் தெரிந்தால் கிணற்றங்கரைப் பக்கம் விட மாட்டார்கள். வேம்புவையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் திருமானூரில் அவள் அண்ணன் வீட்டில் அவளை இறக்கிவிட வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டு வண்டியோடு கண்காணாமல் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள், அவள் ஆசைப்பட்டதையெல்லாம் காட்டிவிட வேண்டும்.

அந்த ஒரு நாளும் வானத்துக்குப் பொறுக்கவில்லை, விடிந்ததிலிருந்து ஊற்றித் தள்ளியது. வேம்புவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வண்டி நின்றால் போதும், குதித்து இறங்கி ஓடினாள். முருகையன் குடையும் கையுமாகப் பின்னாலேயே ஓடினான். அவன் நெருங்கினால் அவள் இன்னும் நாலு எட்டு முன்னால் போனாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். ஆடியிலிருந்து அவன் அவளைத் தொடவே இல்லை. ஏன் என்று அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாத்தனூர் ஓடையில் கல்மரம் நெடுக விழுந்து கிடந்தது.

“ஒரு காலத்துல நெசமான மரமாம் புள்ள. மண்ணுக்குள்ள கெடந்து கெடந்து கல்லாயிருச்சாம்.”

வேம்பு அதைத் தடவிக்கொண்டே நின்றாள். “பாவங்க. இப்ப வெட்டுனாக்கூட இதுக்குத் தெரியாதுல்ல?”

தன்னைப் பற்றித்தான் கேட்கிறாளோ? முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தான்.

உள்ளே வந்து வேம்பு அடுப்பு மூட்டினாள். கொதித்த காபிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, இருந்த ஒரே தம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

“நீ மொதல்ல குடி.”

“நீங்க குடிங்க.”

“நான் குடிச்சிட்டா ஒனக்கு?”

“எனக்கு வேணாங்க.”

தன் வாய் பட்ட தம்ளரை அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. முதலில் வாய் வைக்க அவளும் சம்மதிக்கவில்லை. பத்து வருஷம் எச்சில் பார்க்காத இரண்டு பேர், ஆறிப்போன காபியை மழையில் கொட்டினார்கள்.

அரியலூர்க் கடைத்தெருவில் வேம்பு, “நிறுத்துங்க, ஒரு தலைகாணி வாங்கிருவோம்” என்றாள்.

“மழைக்குக் கடையெல்லாம் மூடிட்டான் புள்ள.”

இரண்டு பக்கமும் கடைகள் திறந்துதான் இருந்தன. வேம்பு அவற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திருமானூர் வரை வெளியே பார்த்தபடியே வந்தாள்.

கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தினான். ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். இதற்கு மேல் தள்ளிப்போட வழியில்லை.

“வேம்பு, எனக்குப் பெருவியாதி. டாக்டரு சொல்லிட்டாரு. நீ ஒங்கண்ணன் வூட்டுல இருந்துக்க. நான் இந்த வண்டியிலயே எங்கயாச்சும் போயிடறேன். அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒத்தையா வச்சேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். அவள் அலறுவாள், கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அவன் பக்கம் திரும்பினாள்.

“எப்படிங்க கண்டுபுடிச்சாரு?”

“கால் வெரல்ல குண்டூசியால குத்துனாரு. எனக்குத் தெரியல.”

வேம்பு ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினாள். நாள் முழுக்க எட்டி எட்டி ஓடியவள், இப்போது நகர்ந்து வந்து அவனை ஒட்டி உட்கார்ந்தாள். ஊக்கை அவனிடம் கொடுத்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்திருந்த கைகளை வெளியே எடுத்து விரித்தாள். உள்ளங்கை இரண்டிலும் காபிச் சட்டி சுட்ட கொப்புளங்கள் பெரிது பெரிதாக எழும்பியிருந்தன.

“இங்க குத்திப் பாருங்க.”