நூறு வாட்

கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகளில் மூன்றாவதுதான் எப்போதும் சண்டி.

முதலாவதன் சூடு எழுபத்தொன்று டிகிரி. இரண்டாவது எண்பத்திரண்டு. மூன்றாவது எண்பத்து நான்கு. நான்காவது எழுபத்தைந்து. நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டும், பக்கத்துக் கார்டு வெளியே விட்ட சூட்டையே மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

எண்பத்தாறைத் தொட்டால் கம்ப்யூட்டர் தானாக வேலையை நிறுத்திவிடும். அந்தேரியில் கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கான வேலை அது. மூன்று நாளாக ஓடுகிறது, முடிய இன்னும் நான்கு மணி நேரம். போன வாரம் ஒரு தடவை பாதியில் நின்றுபோனது. இன்னொரு தடவை நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

நகுல் கண்ணெடுக்காமல் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் யாருக்காவது நிமிஷத்துக்கு நிமிஷம் ஜுரம் பார்த்தார்கள் என்றால் அது இந்த நான்குக்கும்தான்.

மாட்டுங்காவில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு. அக்டோபர் வெயில் கூரை வழியாகவே இறங்கும். வீட்டுக்கு ஒரே ஏசி. அப்பா ஜகந்நாதன் ரிடையர் ஆன வருஷம் தன் அறைக்கு வாங்கிப் போட்டது. கார்டுகள் வந்ததும் அறை நகுலுடையது ஆயிற்று, அப்பாவின் கட்டில் ஹாலுக்குப் போயிற்று. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. அப்படி ஆகிவிட்டது.

ஜன்னலில் வெள்ளி நிறத் தாள் ஒட்டியிருந்தான். கதவுக்கு அடியில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டி அடைத்திருந்தான். சுவரில் அறையின் சூட்டைக் காட்டும் சின்ன வெப்பமானி.

24.2.

அவன் மட்டும் இருக்கும்போது அது காட்டும் எண். இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் 24.7 ஆகிவிடும். ஏழெட்டுத் தடவை சோதித்துப் பார்த்திருக்கிறான்.

போன வாரம் நடந்ததும் அதுதான். ஹாலில் புழுக்கம் தாங்காமல் அப்பா பேப்பரோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். தலையங்கம் முடிவதற்குள் மூன்றாவது எண்பத்தாறைத் தொட்டது. இரண்டு நாள் வேலை அம்பேல்.

"ஒரு ஆள் சும்மா உக்காந்தாலே நூறு வாட் சூடுப்பா" என்றான் நகுல். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், விஷயம் அதோடு போயிருக்கும்.

"அப்ப நானும் ஒரு பல்புன்னு சொல்லு" என்று பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நாலு மணிக் காபியை மட்டும் அவர்தான் கொண்டுவருவார். கதவு ஒரு சாண் திறக்கும். டம்ளரைப் பிடித்த கை மட்டும் உள்ளே வரும்.

இன்று காலை டாக்டர் வந்து போனதிலிருந்து அம்மா ராஜலக்ஷ்மி இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

"அப்பாவை இங்க கொண்டுவந்துடலாம்டா. ஹால்ல வெயில் நேரா அடிக்கறது."

நகுல் திரையைப் பார்த்தான். தூக்கி வர மூன்று பேர், முந்நூறு வாட். கதவு எப்படியும் ஐந்து நிமிஷம் திறந்திருக்கும். ஹாலில் முப்பத்தாறு டிகிரி. கணக்குப் போடாமல் அவனுக்குத் தும்மல்கூட வராது. இதற்கும் கணக்குப் போட்டோமே என்று இப்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனது ஆகட்டும் என்று வேட்டியை உருவிவிட்டுக் கதவைத் திறந்தான்.

கீழ்வீட்டு கேஷவும் பில்டிங் வாட்ச்மேனும் வந்தார்கள். மூவருமாக ஜமக்காளத்தோடு சேர்த்துத் தூக்கினார்கள். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் அப்பா கனத்தார். கட்டில் முன்பு கிடந்த அதே சுவரோரம் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

25.1. 25.9. மூன்றாவது எண்பத்தைந்து.

கேஷவ் அப்பாவின் கண்ணாடியை எடுத்து வந்து நகுலிடம் கொடுத்தார். வாட்ச்மேன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு இருவரும் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். எண்பத்தைந்து அங்கேயே நின்றது, மேலே போகவில்லை.

அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"மானசாவுக்கு பெங்களூர்லேர்ந்து டிக்கெட் கெடச்சுடுத்து. எட்டு மணிக்குள்ள வந்துடுவா. உன் தங்கை வர வரைக்கும் இந்த ஏசி தாங்குமோல்லியோ?"

"தாங்கும்மா."

கதவைச் சாத்தி, வேட்டியைப் பழையபடி அடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணாடி இன்னும் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

25.3. 24.9.

24.7.

அங்கே நிற்கும் என்று பார்த்தான். நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். மூன்றாவது எண்பத்தாறைத் தொடட்டும், நான்கும் கருகிப் போகட்டும், ஸ்டூடியோக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த 24.7 மட்டும் இறங்கக் கூடாது.

24.5.

24.3.

நாலு மணி ஆயிற்று. கதவு திறக்கவில்லை. கார்டுகளின் விசிறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன.

24.2.

பத்து நிமிஷம் பார்த்தான். இருபது நிமிஷம் பார்த்தான். அறையில் ஒரே ஓர் ஆள்தான் இருப்பதாக வெப்பமானி சொல்லிக்கொண்டிருந்தது.