சீனத்துப் பச்சைத் தட்டு

காசிமாயனுக்கு ஒரு தட்டின் மேல் பைத்தியம்.

குரங்கணிக்கு மேலே மலையில் அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. ஒவ்வொரு பறிப்புக்கும் மூட்டையைத் தலையில் சுமந்து போடிக்கு இறங்குவான். கடைத்தெருவில் நாலு வியாபாரிகள் கூப்பிடுவார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் தங்கபாண்டியன் கடைக்குத்தான் போவான். அங்கேதான் அந்தத் தட்டு இருந்தது.

"இந்த வாட்டியும் ரெண்டாந்தரம்னு சொல்லிட்டா, தோட்டத்த விட்டுட்டு எஸ்டேட்டுக்குக் கூலிக்குத்தான் போகணும். வேற கடையில கேட்டா என்னய்யா? தட்டா ஒனக்குச் சோறு போடுது?" என்று மனைவி முனியாயி வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

"நீயே ஒருக்கா வந்து பாரு. பெறகு பேசு."

அதற்காகவே அந்த ஐம்பத்தைந்தாம் வருஷத் தை மாதம் அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தான்.

கடை வாசலில் செருப்பைக் கழற்றினான். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். கோயிலில்கூட இந்த மனுஷன் இப்படி நின்றதில்லையே என்று முனியாயிக்கு எரிச்சலாக வந்தது.

தங்கபாண்டியன் பீரோவைத் திறந்து, இரண்டு கையாலும் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முனியாயி எட்டிப் பார்த்தாள்.

அப்படியொரு பச்சையை அவள் மலையில்கூடப் பார்த்ததில்லை. தெளிந்த சுனைத் தண்ணீரை அப்படியே தட்டாக்கி வைத்தது போலிருந்தது. வெளியே சுற்றிலும் தாமரை இதழ்கள். உள்ளே நடுவில் இரண்டு மீன்கள், ஒன்றின் பின்னால் ஒன்று. மண்ணில் செய்து சுட்ட மீன்கள்தான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அசைந்தன.

"ஆத்தாடி! நீந்துதுய்யா!"

"எழுநூறு வருசத்துக்கு முந்தி சீனாவுல செஞ்சது ஆத்தா" என்றார் தங்கபாண்டியன். "எங்க பாட்டனாரு கொச்சியில கப்பக்காரங்கிட்ட வாங்குனது. ராசாக்க சாப்பிட்ட தட்டு. மலையில பாடுபடுறவுக காய்க்கு மட்டும்தான் நான் இத வெளிய எடுப்பேன்."

முனியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மரியாதையை யார் செய்வார்கள்? புருஷனை வீணாகத் திட்டிவிட்டோமே!

தங்கபாண்டியன் மூட்டையைப் பிரித்து, ஒரு கை காயை அள்ளி மீன்களின் மேல் பரப்பினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

உலர்த்தி எடுத்தபோது பச்சைப்பசேல் என்று இருந்த காய், இங்கே வெளிறிப்போய்க் கிடந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல அப்பு. நீயே பாத்துச் சொல்லு" என்றார் தங்கபாண்டியன் வருத்தமாக.

"ரெண்டாந்தரந்தான் மொதலாளி" என்றான் காசிமாயன். "உலத்துறப்ப தீயக் கூட்டிட்டேன் போலருக்கு."

"கண்ணும் கருத்துமாத்தானேய்யா பாத்தே?" என்றாள் முனியாயி மெதுவாக.

"தட்டு பொய் சொல்லுமா புள்ள?"

அவள் இன்னொரு தரம் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். மூட்டையை ரெண்டாந்தர விலைக்கே போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். நாளைக்கே எஸ்டேட் கங்காணியைப் பார்த்துக் கூலி வேலை கேட்பதென்று முடிவாயிற்று. ஆறு வருஷப் பாடு அன்றோடு சரி. ஆனாலும் இருவருக்கும் தங்கபாண்டியன் மேல் துளி வருத்தமில்லை.

தெருமுனையில் முனியாயி நின்றாள்.

"இனிமே இந்தக் கடைக்கு நமக்கென்ன சோலி இருக்கு? அந்தத் தட்ட ஒரே ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போயிருவமா?"

காசிமாயனுக்கும் அந்த ஆசை எத்தனையோ நாளாக உண்டு. திரும்பி நடந்தார்கள்.

கடைக்கு எதிரே ஒரு கார் வந்து நின்றது. பம்பாய் வியாபாரி ஒருவர் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வழிவிட்டு இருவரும் கடை ஜன்னலோரம் ஒதுங்கினார்கள். உள்ளே பேச்சு கேட்டது.

"பெரிய வியாபாரி வர்றாருல்ல, இந்தக் காய அந்தத் தட்டுலயே பரப்பிவைக்கட்டாண்ணே?" என்று கேட்டான் சீனிச்சாமி. கடையில் வேலைக்குச் சேர்ந்து அவனுக்கு இரண்டு நாள்தான் ஆகிறது.

"அட கெடுத்தியே! அந்தப் பச்சையில எந்த மொதத்தரக் காயும் வெளுத்துத்தான் தெரியும். தட்ட வெரசா உள்ள கொண்டு போ" என்று பதறினார் தங்கபாண்டியன். "தட்டு வாங்குறதுக்குய்யா! விக்கிறதுக்குச் செகப்புத் துணிய விரி!"