பெயரில்லாப் பட்டியல்

நாலு மணி வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. திவாலான விமான நிறுவனத்தை விழுங்க வந்திருக்கும் பெரிய நிறுவனத்தின் அதிகாரி, ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கச் செயலாளர் பக்கம் மெல்லத் தள்ளுகிறார். செயலாளர் எஞ்சின் மெக்கானிக். சட்டைப் பையில் சின்ன டார்ச் துருத்திக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக, கையை உள்ளே விட்டுத் தடவி, டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த விமானமும் பறக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டதில்லை. பக்கங்களைப் புரட்டுகிறார். வேலை போகிறவர்கள் முந்நூறு பேர் என்று இருக்கிறது. கடைசியில் வெறும் கட்டங்கள்தான், பெயர்கள் இல்லை. "யார் யாருன்னு போடலையே சார்?" "அது திங்கக்கிழமை வந்துடும். இப்போ கையெழுத்து போதும்." வெளியே ஒரு விமானம் இரைந்து கிளம்புகிறது, டம்ளர்களில் தண்ணீர் நடுங்கி அடங்குகிறது. அவர் காது தன்னால் அந்தச் சத்தத்தில் பிசிறு தேடுகிறது. விமானப் பணிப்பெண்கள் சார்பில் வந்தவள் அவர் பக்கம் குனிகிறாள். "போட்டுடுங்கண்ணே. அஞ்சு மணிக்குள்ள போடலேன்னா கோர்ட்ல கம்பெனியை மொத்தமா மூடச் சொல்லிடுவாங்க. தொள்ளாயிரம் பேரும் தெருவுலதான்." அந்தக் கட்டங்களில் ஒன்று அவளுடையதாக இருக்கலாம், அது அவளுக்கும் தெரியும். செயலாளர் வெற்றுக் கட்டங்களை மேலிருந்து கீழாக விரலால் ஒருமுறை தடவுகிறார். கையெழுத்துப் போடுகிறார். பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே நேரத்தையும் எழுதுகிறார்: 4.35. "நேரமெல்லாம் வேண்டாம் சார்," என்று அதிகாரி சிரித்தபடி பேனாவை வாங்கிக்கொள்கிறார். செயலாளர் சிரிக்கவில்லை. "விமானம் விழுந்தா, கடைசியா யாரு பாத்து அனுப்புனான்னு இதை வெச்சுத்தான் சார் தேடுவாங்க."