விர்ஜில் வாங்கிய துப்பாக்கிகள்

"மொத்தமா அள்ளிக்கிட்டுப் போங்க. ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள் ட்ரூடி.

கலிஸ்பெல்லிலிருந்து வந்திருந்த வியாபாரி நிலவறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சுவர் நெடுகத் துப்பாக்கிகள். எல்லாமே முயலும் அணிலும் அடிக்கிற பாயின்ட் ட்வென்ட்டி-டூ. நல்ல விலைக்குப் போகிற ஜாதி எதுவும் இல்லை.

"உங்கப்பா எந்த நாட்டு மேலம்மா படையெடுக்க இருந்தாரு?"

"கேட்டா, ஆபத்துக் காலம் வருது, முன்ஜாக்கிரதையா இருக்கணும்பாரு. எங்க தலையெழுத்து."

"பாதித் துப்பாக்கிக்கு மேல பிடிக்கட்டையில எழுத்து வேற கிறுக்கியிருக்கு. விலை குறையுமே?"

"குறைச்சுக்கோங்க. இன்னிக்கே வண்டியில ஏத்தினா போதும்."

ஏற்றிவிட்டான். வண்டி மலைப்பாதையில் இறங்கி மறைந்ததும், வீட்டைப் பிடித்த சனி விலகினதுபோல இருந்தது அவளுக்கு.

பின்னே என்ன? அப்பா விர்ஜில் ரயில்வே பென்ஷன் வாங்கின மனுஷன். பணம் வந்த சூட்டோடு போய்விடும், புதுசாய் ஒரு ஓட்டைத் துப்பாக்கி வீட்டுக்குள் நுழையும். கூரை ஒழுகினால் ஒழுகட்டும்! அந்தக் கோபத்தில் இரண்டு வருஷமாக அப்பாவோடு பேச்சை விட்டிருந்தாள். இனி பேசலாம் என்றாலும் ஆள் இல்லை. போன வாரம்தான் அடக்கம் செய்தார்கள்.

மதியம் பக்கத்துப் பண்ணை லாய்ட் வந்தார். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கையில் இருந்தது. கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"என்ன லாய்ட் அங்கிள்?"

"தப்பா எடுத்துக்காதே கண்ணு. நிலவறையில ஒரு துப்பாக்கி இருக்கும். கட்டையில 'எல். எச்.'னு செதுக்கியிருக்கும். அதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா? சும்மா இல்ல, காசு கொடுத்திடுறேன்."

"அடப்பாவமே, நீங்களும் அந்தக் கட்சிதானா? உலகம் அழியப் போகுதுன்னு அவருக்குத் தூபம் போட்டதே நீங்கதானோ?"

"இல்லம்மா. அது என்னோடது. என் பத்தாவது பொறந்த நாளுக்கு எங்கப்பா கொடுத்தது. இப்ப என் பேத்திக்குப் பத்து வயசாகுது. அவ கையில கொடுக்கணும்."

ட்ரூடிக்கு முகம் சுண்டிப்போனது.

"வித்துட்டேனே அங்கிள். காலையிலதான். எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? நம்மூர் டெல்பர்ட்டோடது? ஐரீன் புருஷனோடது?"

லாய்ட் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க துப்பாக்கியெல்லாம் அப்பாகிட்ட எப்படி வந்துச்சு?"

"ஊருக்கே சோறு போட்ட மில்லை மூடினாங்க பாரு, அப்ப நீ சியாட்டில்ல இருந்தே. வீட்டுல மாவு இல்ல, அடுப்புக்கு விறகு இல்ல. ஆனா இந்த ஊர்க்காரன் பட்டினி கிடந்து சாவானே தவிர, கை நீட்ட மாட்டான். அடகுக் கடைக்குப் போனாலோ ஊரே வேடிக்கை பார்க்கும். அப்பத்தான் உங்கப்பன் வந்தான். 'லாய்ட், கெட்ட காலம் வருதுடா, எனக்குத் துப்பாக்கி பத்தலை, உன்னோடதைக் கொடுடா'ன்னு கெஞ்சினான். வாடா மவனேன்னு, புதுத் துப்பாக்கி விலைக்கு மேலயே சொல்லி அவன் தலையில கட்டினேன். பைத்தியக்காரனை ஏமாத்திட்டோம்னு ஒரே சந்தோஷம் எனக்கு."

"அப்புறம்?"

"போன வாரம் அடக்கத்துக்கு வந்தவங்க மனசு விட்டுப் பேசிக்கிட்டோம். எல்லார் வீட்டுலயும் இதே கெஞ்சலாம்! எவன் வீட்டுல அடுப்பு எரியலையோ, கரெக்டா அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கான். எங்களுக்கு அப்பத்தான் உறைச்சுதும்மா."

ட்ரூடி ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்தது, வியாபாரி எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

கடைசியில் எடுத்தான். "கலிஸ்பெல் வந்து சேர்ந்ததுமே ஒருத்தர் மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. வெளி மாநிலம், ஸ்போகேன் ஆளு. யாரு எவருன்னு எனக்கென்ன தெரியும்?"

போனை வைத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"அப்பா என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அங்கிள்! நான் அவர் பெத்த பொண்ணுதானே? கடைசியா சேர்ந்து சாப்பிட்டோமே, அந்த தாங்க்ஸ்கிவிங் விருந்துல, அத்தனை பேர் முன்னால 'உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு'ன்னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே! வான்கோழியை வெட்டிக்கிட்டுப் பேசாம உட்கார்ந்திருந்தாரே பாவி மனுஷன்!" அவள் விம்மி விம்மி அழுதாள்.

லாய்ட் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா வாயைத் திறப்பான்? அவன் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமா சிரிச்சுக்கிட்டிருந்தது நான்தானே!"